பூட்டும் திறவும்: தொழில் மறைகளைப் பொதுவில் வெளியிடுதலின் அறம்

முன்னுரை

தொழில் நுட்ப அறிவு யாருக்கு உரியது, யாரிடம் அதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாகாது என்னும் வினாக்கள் அறவியலில் பழமையானவை. மருத்துவர் அறிந்த நஞ்சின் இயல்பும் பூட்டுத் தொழிலாளர் அறிந்த திறப்புமுறையும் காப்பதற்கும் பயன்படும், கெடுப்பதற்கும் பயன்படும். இத்தகைய இருமுனை அறிவைப் பொதுமக்கள் முன்னிலையில் வெளியிடுவது கடமையா, குற்றமா என்பதைப் பூட்டுத் தொழிலை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

செகந்தராபாத்தின் வடபகுதியில் அமைந்துள்ள அல்வால், 2007ஆம் ஆண்டு ஐதராபாத் பெருநகர மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்ட நகராட்சிகளுள் ஒன்று. தனி வீடுகளும் அடுக்ககங்களும் கலந்த இத்தகைய குடியிருப்புகளில், அண்டை வீட்டாரை ஒருவர்க்கொருவர் அறிந்திருந்த பழைய காவல் மெல்லக் குறைய, அதன் இடத்தைப் பூட்டு ஏற்றுள்ளது. இங்கு வாழும் தமிழர் பூட்டைத் தெலுங்கு வழக்கில் 'தாளம்' என்று சொல்லக் கேட்கின்றனர். அச்சொல் தமிழின் 'தாழ்' என்பதை நினைவூட்டும். திறவுகோலுக்கு நாம் வழங்கும் 'சாவி' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. சொல் எங்கிருந்து வந்தாலும் பொருள் ஒன்றே: முன்பின் அறியாத ஒரு தொழிலாளரின் நேர்மையை நம்பியே ஒவ்வொரு குடும்பமும் இரவில் கண்ணுறங்குகிறது. அந்த நம்பிக்கைக்கு உரிய அறம் யாது என்பதே ஈண்டு எழும் வினா.

களவறிவும் காவலறிவும்

களவு பற்றிய அறிவைத் தமிழ் இலக்கியம் ஒதுக்கிவைக்கவில்லை. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவுக் காட்சியில், நூலேணியை இடையிற் சுற்றி, நிலத்தை அகழும் உளியை ஏந்தித் திரியும் கள்வரைக் காட்டுகிறது. அவர்களைத் தேடித் திரியும் ஊர்காவலரையும் அடுத்தே காட்டுகிறது. அக்காவலர் நூல்வழி தவறாத நுண்ணிய தேர்ச்சி உடையவர் என்று புலவர் கூறுவது கருதத்தக்கது. கள்வரின் கருவியையும் போக்கையும் கற்றறிந்தவரே காவலுக்குத் தகுதியுடையவர் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

அதே மதுரையைக் களமாகக் கொண்ட சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இதற்கு நேர்மாறான நிலையைக் காட்டுகிறது. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், கோவலனைக் கள்வன் என்று காட்டிக் கொடுக்கிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர் இவன் கொலைக்கு உரியவன் அல்லன் எனத் தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூலார் துணையாகக் கொள்ளும் எட்டினையும் எடுத்துரைத்து, மந்திரம் முதல் கருவி வரை விரித்துக் கூறி, அவர்களது தயக்கத்தைக் குலைக்கிறான். காவலருள் ஒருவன் தான் இருளில் கண்டு தப்பவிட்ட கள்வனைப் பற்றிக் கூறுகிறான். இறுதியில் கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான், கோவலன் மாய்கிறான்.

இவ்விரு காட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. களவு பற்றிய அறிவு காவலரிடமும் இருந்தபோது ஊர் காக்கப்பட்டது. அந்த அறிவைச் சொல்பவன் கள்வன் ஒருவனாகவே அமைந்து, கேட்போர் அதனைச் சோதிக்கும் திறனின்றி நின்றபோது குற்றமற்றவன் கொல்லப்பட்டான். ஆகவே மறைவு தன்னளவில் காப்பு ஆகாது. மறைக்கப்பட்ட அறிவு பெரும்பாலும் நல்லவரிடமிருந்தே மறைகிறது. தீயவர் அதனைத் தம் தொழிலுக்கெனத் தேடி அடைந்துவிடுகின்றனர்.

கற்பிக்கத் தகாதார்

எனினும் அறிவை எவர்க்கும் வழங்கலாம் என்பது தமிழ் மரபின் முடிவன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் வகுத்தபின், நூல் கற்பிக்கத் தகாதார் யார் யார் என்றும் வரையறுக்கிறது. சோம்பன், செருக்கன், சினத்தன் முதலியோர் இடம்பெறும் அப்பட்டியலில் கள்வனும் இடம்பெறுகிறான். இலக்கணம் கற்பதால் ஒருவன் சிறந்த கள்வனாகிவிடுவான் என்னும் அச்சத்தால் இது கூறப்பட்டிருக்க இயலாது. கற்பவனின் ஒழுக்கம் கற்பிப்பவனின் பொறுப்பிலும் ஒரு பகுதி என்னும் கொள்கையே இவ்விலக்கணத்தின் அடிப்படை எனலாம்.

நன்னூல் கருதும் கல்வி நேர்முகக் கல்வி. ஆசிரியன் மாணாக்கனின் முகத்தைக் காண்கிறான். அவன் கொள்ளும் திறன் அறிந்து கொடுக்கிறான். தகாதவன் எனக் கண்டால் நிறுத்திக்கொள்கிறான். பொதுவெளியில் பேசுபவருக்கு இம்மூன்றும் இயலா. அச்சிட்ட நூலாயினும் திரைப்படக் காட்சியாயினும் பொது மேடையாயினும் கேட்போர் யார் என்பது சொல்வோருக்குத் தெரியாது. ஆகவே, நேர்முகக் கல்வியில் மாணாக்கனைத் தேர்ந்தெடுப்பதால் நிறைவேறும் கடமை, பொதுவெளியில் பொருளைத் தேர்ந்தெடுப்பதால் மட்டுமே நிறைவேறக்கூடும். யாருக்குச் சொல்வது என்பதைக் கட்டுப்படுத்த இயலாதபோது எதைச் சொல்வது என்பதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு கூடுகிறது.

மிகுமறைவும் கேடு தருவதே. சித்தர் மருத்துவ நூல்கள் பலவற்றில் ஆளப்பட்ட பரிபாசை, தகாதார் கையில் மருந்து சிக்காமல் காத்திருக்கலாம். ஆனால் குறியீடுகளின் பொருள் அறிந்தோர் மறைந்தபின், தக்கார்க்கும் அந்நூல்களின் பகுதிகள் விளங்காமற் போயின. மறைத்தலுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துபவர் பின்வரும் தலைமுறையினர்.

திருக்கோட்டியூர் நிகழ்ச்சி

மறைபொருளை வெளியிட்ட நிகழ்ச்சிகளுள் தமிழகம் மிக உவந்து போற்றுவது இராமானுசர் பற்றியது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை சென்று பெற்ற மறைப்பொருளை, ஆசிரியரின் ஆணையை மீறி, கோயிலின் உயரத்தில் நின்று யாவரும் அறிய அவர் உரைத்தார் என வைணவ மரபு கூறும். ஆணையை மீறியவர் நரகம் புகுவர் என்று நம்பி கடிந்தபோது, பலர் உய்யத் தாம் ஒருவர் நரகம் புகுவது தகும் என்று அவர் விடையிறுத்தார். நம்பியும் மனமுருகி அவரை ஏற்றுக்கொண்டார்.

மறைப்பொருளை வெளியிடுவோர் பலர் இந்நிகழ்ச்சியைத் தமக்குத் துணையாகக் கொள்ளக்கூடும். ஆயின் இதன் அறவலிமை எங்குள்ளது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். அங்கு வெளியிட்டதால் வரும் தீங்கை வெளியிட்டவரே தம்மேல் ஏற்றுக்கொண்டார். நன்மை பிறர்க்குச் சென்றது. ஒரு பூட்டின் திறப்புமுறையை வெளியிடுபவர் நிலை இதற்கு மாறானது. புகழோ ஊதியமோ அவருக்கு வருகிறது. தீங்கு நேர்ந்தால் அது அப்பூட்டைக் கதவில் மாட்டி உறங்கும் யாரோ ஒருவருக்கு வருகிறது. நன்மை யாருக்கு, இடர் யாருக்கு என்னும் இவ்விரு வினாக்களுக்கும் விடை வெவ்வேறு மனிதராக அமையும்போது, வெளியிடும் செயலை ஈகை என்று அழைப்பதற்குமுன் தயங்க வேண்டும். வெளியீட்டின் அறத்தை அளக்கும் முதல் அளவுகோல் இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இலண்டன் முதல் நியூயார்க் வரை

மேலைநாடுகளில் இவ்வினா 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின்போது வெளிப்படையாக எழுந்தது. அமெரிக்கப் பூட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்திருந்த ஆல்பிரட் சார்லசு ஆப்சு, அந்நாட்டில் புகழ்பெற்றிருந்த சப் நிறுவனத்தின் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் அரைமணி நேரத்திற்குள் திறந்து காட்டினார். பின்னர் பிராமா நிறுவனத்தின் அறைகூவல் பூட்டை எடுத்துக்கொண்டார். திறப்போருக்கு 200 கினி பரிசு என்னும் அறிவிப்புடன் பல பத்தாண்டுகள் பிக்காடில்லித் தெருவின் கடைச் சாளரத்தில் இருந்த பூட்டு அது. பதினாறு நாள்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் அதுவும் திறந்தது.

பூட்டின் குறையைப் பொதுமக்களுக்குச் சொல்வது கள்வருக்குப் பாடம் நடத்துவதாகும் என்று அப்போது சிலர் கடிந்தனர். கள்வர் தம் தொழிலில் முன்னரே தேர்ந்தவர். நாம் கற்பிக்கக் கூடியதைவிட மிகுதியாக அறிந்தவர். குறையை அறிந்து பயன்பெற வேண்டியவர் வாங்குவோரே என்பது ஆப்சு தரப்பினரின் வாதம். இவ்வாதம் வலிமை வாய்ந்தது. ஆயினும் ஆப்சு போட்டி நிறுவனம் ஒன்றின் முகவர் என்பதும், இலண்டனில் அவரே பின்னர் பூட்டு வணிகம் தொடங்கினார் என்பதும் மறக்கற்பாலன அல்ல. நோக்கம் கலப்புடையதாக இருந்தும் விளைவு நன்றாக அமைந்தது. பூட்டு நிறுவனங்கள் தம் அமைப்புகளைத் திருத்தத் தலைப்பட்டன.

1883இல் ஆகத்து கெர்க்காப்சு படைத்துறை மறைகுறியீட்டுக்கு ஒரு விதியை வகுத்தார். கருவியின் அமைப்பு பகைவர் கையில் சிக்கினாலும் கேடு நேராதவாறு அது அமைய வேண்டும். மறைவாக இருக்க வேண்டியது திறவு மட்டுமே என்பது அதன் சாரம். பூட்டுக்கும் இது பொருந்தும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீட்டுக்கான விண்ணப்பத்தில் பொருளின் இயல்பும் செய்முறையும் விளக்கப்படுதல் வேண்டும்; அவ்விளக்கம் அரசின் புவிசார் குறியீட்டு இதழில் யாவரும் படிக்க வெளியிடப்படும். செய்முறை வெளிப்பட்டதால் திண்டுக்கல்லில் செய்த எந்தக் கதவுப் பூட்டும் வலுவிழக்கவில்லை. லீவர் எனப்படும் உள்தகடுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு உயர வேண்டும் என்பது பூட்டுக்குப் பூட்டு வேறுபடுகிறது. அந்த வேறுபாடு சாவியின் வெட்டில் மட்டுமே உள்ளது. எனவே பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்பித்தல் தீதன்று. செய்யும் முறையை ஊரறியச் சொல்லியும் உறுதி குன்றாத பூட்டே நல்ல பூட்டு.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்ததோ வேறு வகை. கணினிப் பாதுகாப்பு அறிஞர் மாட் பிளேசு, ஒரே தலைமைச் சாவியால் பல அறைகளைத் திறக்கும் ஏற்பாட்டில், ஓர் அறையின் சாவியை மட்டும் உடையவர் தலைமைச் சாவியையே உருவாக்கிக்கொள்ளக்கூடும் என்பதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பூட்டுத் தொழிலாளர் பலர் சினந்தனர். அச்சினத்தினூடே ஓர் உண்மையும் வெளிவந்தது: அம்முறை தொழிலாளருள் சிலருக்கு முன்பே தெரிந்திருந்தது. அறியாதிருந்தவர் அத்தகைய கட்டடங்களில் வாழ்ந்தவரும் அவற்றின் உரிமையாளருமே. தொழில் மறை என்று போற்றப்பட்டது ஈண்டு வாடிக்கையாளரிடமிருந்து காக்கப்பட்ட மறையாக முடிந்தது. தன் வீட்டின் குறையைத் தான் அறியாது, தனக்குப் பூட்டு விற்றவர் அறிந்திருப்பது தொழிலறம் ஆகாது.

ஐதராபாத் 2010

பூட்டு இரும்பால் ஆனதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் அரிபிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்சு ஆல்டர்மன், நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் கோங்கிரைப் ஆகியோருடன் இணைந்து, இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து, அதன் குறைகள் என்று தாம் கருதியவற்றை 2010ஆம் ஆண்டு வெளியிட்டார். இயந்திரத்தைத் தமக்குத் தந்தவர் யார் என்பதைக் கூற அவர்கள் மறுத்தனர். இயந்திரம் களவுபோனது தொடர்பான வழக்கில் அவ்வாண்டு ஆகத்து 21ஆம் நாள் அரிபிரசாத் ஐதராபாத்தில் கைதுசெய்யப்பட்டு, ஒரு வாரம் கழித்துப் பிணையில் விடுவிக்கப்பட்டார். நிருவாகக் காவல் ஏற்பாடுகளுடன் இயங்கும் இயந்திரத்தில் முறைகேடு செய்ய இயலாது என்பது தேர்தல் ஆணையத்தின் நிலைப்பாடு. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தாள்வழிச் சரிபார்ப்பு நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று கூறியது. 2019 மக்களவைத் தேர்தலில் அனைத்து வாக்குச்சாவடிகளிலும் அவ்வேற்பாடு இடம்பெற்றது. வாக்குகள் அனைத்தையும் தாள்வழிச் சரிபார்க்கக் கோரிய மனுக்களை 2024 ஏப்பிரலில் அந்நீதிமன்றமே தள்ளுபடி செய்தது.

இவ்வழக்கின் நடுவராக நிற்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அறவியல் நோக்கில் இதிலிருந்து இரண்டு வினாக்களைப் பிரித்தெடுக்கலாம். அறிவைப் பெற்ற வழி தூயதா என்பது ஒன்று. பெற்ற அறிவை வெளியிட்டது முறையா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு எவ்விடை கூறினும் அது இரண்டாவதற்கு விடையாகாது. சொன்னவர் குற்றமுடையவர் எனக் காட்டுவதால் சொன்ன குறை மறைந்துவிடாது. சொன்னது உண்மை எனக் காட்டுவதால் பெற்ற வழி தூயதாகிவிடாது. மேலும், வாக்கு இயந்திரத்தைத் திருத்தும் ஆற்றல் ஓர் ஆணையத்திடம் குவிந்துள்ளது. வீட்டுப் பூட்டின் நிலை அவ்வாறன்று. இவ்வேறுபாடு அடுத்த கருத்துக்கு இட்டுச் செல்கிறது.

குறை அறிவித்தலும் முறை கற்பித்தலும்

கணினி மென்பொருளில் குறை கண்டால், உருவாக்கியவருக்கு முதலில் அறிவித்து, திருத்தத்திற்குக் காலம் தந்து, பின் வெளியிடும் வழக்கம் உள்ளது. திருத்தம் ஒரே நாளில் பல்லாயிரம் கருவிகளைச் சென்றடையும். கதவில் பதித்த பூட்டை அவ்வாறு திருத்த இயலாது. ஒவ்வொன்றையும் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவும் வேண்டும். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனத்தின் மிதிவண்டிப் பூட்டுகளைச் சாதாரண எழுதுகோலின் குழலால் திறக்க முடியும் எனத் தெரியவந்தபோது, அந்நிறுவனம் அவற்றை விலையின்றி மாற்றித் தந்தது. அத்தகைய வசதி எல்லாப் பூட்டுக்கும் வாய்ப்பதில்லை. அல்வாலில் வாடகைக்கு இருப்பவரின் கதவுப் பூட்டு வீடு கட்டிய நாள் முதல் மாற்றப்படாததாக இருக்கலாம். அதன் நிறுவனமே இன்று இல்லாதிருக்கலாம்.

எனவே குறை அறிவித்தல், முறை கற்பித்தல் என இரண்டைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. இவ்வகைப் பூட்டு எளிதில் திறக்கப்படும், தலைவாயிலுக்கு ஏற்றதன்று, உள்ளே தாழ்ப்பாள் ஒன்றையும் சேர்த்துக்கொள்க என்பது குறை அறிவித்தல். எந்தக் கருவியை எங்கு நுழைத்து எவ்வாறு திருப்ப வேண்டும் என்பது முறை கற்பித்தல். வீட்டுக்காரர் தம்மைக் காத்துக்கொள்ள முன்னது போதும். பின்னது தொழில் பயில்வோருக்குத் தேவை. அவருக்கு நேர்முகக் கல்வி உண்டு. ஆங்கே நன்னூலின் இலக்கணம் இன்றும் பொருந்தும்.

குறையைச் சொன்னாலே முறையை ஊகித்துவிடலாமே என்று தடை எழுப்பலாம். தேர்ந்தவர் ஊகிப்பர், அவருக்கு நம் வெளியீடு தேவையுமில்லை. நம் சொல்லால் புதிதாக ஆற்றல் பெறுபவர், தீய எண்ணம் இருந்தும் திறன் இல்லாதிருந்தவரே. முறையை நிறுத்திவைப்பதன் பயன் அவரைத் தடுப்பதில் உள்ளது. மெய்ப்பித்துக் காட்டாவிடின் நிறுவனங்கள் குறையை ஒப்புக்கொள்ளா என்பது மற்றொரு தடை. இது உண்மையே. ஆயின் மெய்ப்பித்தலைத் தகுதியுடைய சாட்சிகள் முன் நிகழ்த்தி, முடிவை மட்டும் ஊரறிய அறிவிக்கலாம்; ஆப்சின் திறப்பும் சாட்சிகள் முன்னரே நிகழ்ந்தது. சொல்லியும் நிறுவனம் வாளா இருந்தால், குறையைப் பொதுவில் அறிவிப்பது உரிமையாக நில்லாமல் கடமையாகிறது.

சட்டமும் இப்பிரிவினைக்கு அணுக்கமானது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு, அத்துமீறி நுழையும் பொருட்டுப் பூட்டைத் திறப்பதை, வீடு உடைத்தலின் ஆறு வழிகளுள் ஒன்றாக எண்ணியது. 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்கிதையும் அவ்வாறே கூறுகிறது. குற்றம் அறிவில் இல்லை. நோக்கத்தோடு கூடிய செயலில் உள்ளது. ஆனால் சட்டம் நின்றுவிடும் இடத்திலிருந்தே தொழிலறம் தொடங்குகிறது. சாவி செய்பவரிடம் சாவியின்றிச் சோப்பில் பதித்த அச்சோடு ஒருவர் வந்தால், அவர் நோக்கம் இன்னதென்று சட்டம் இன்னும் அறியாது. அரத்தைக் கீழே வைத்து, கதவைக் காட்டுங்கள், அங்கு வந்து செய்து தருகிறேன் என்று சொல்வதே அத்தொழிலாளரின் அறம். அவ்வொரு சொல்லில் உதவியும் காவலும் ஒருங்கே அமைகின்றன: உரியவர் அழைத்துச் செல்வார், அல்லாதவர் அகன்றுவிடுவார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு. மறைவு தன்னளவில் காப்பும் அன்று. வெளியீடு தன்னளவில் ஈகையும் அன்று. பூட்டு இயங்கும் பொதுவியல்பைக் கற்பித்தலால் தீங்கில்லை. ஒரு பூட்டின் குறையை அதனை நம்பி வாழ்வோரிடமிருந்து மறைப்பது, தொழில் மறை என்னும் பெயரால் செய்யப்படும் நம்பிக்கைக் கேடு. திறக்கும் முறையை முகமறியாதார்க்குக் கற்பிப்பதோ, இடரைத் தாம் சுமவாது பிறர் தலையில் ஏற்றும் செயல்.

இம்முடிவு ஏழை வீட்டாரின் சிக்கலை முற்றும் தீர்ப்பதாகக் கூறுவதற்கில்லை. குறையை அறிந்தும் பூட்டை மாற்ற வழியற்றவருக்கு அவ்வறிவு அச்சத்தையே கூட்டும். ஆகவே குறையை அறிவிப்பவர் எளிய விலையில் அமையும் மாற்று ஒன்றையும் உடன் அறிவித்தல் வேண்டும். அது இயலாத நிலையில் அறிவிக்கும் விரிவையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுதல் வேண்டும். பூட்டுத் தொழிலாளருக்குக் கூறிய இவ்வறம், நோயாளியின் மெய்ம்மையை அறிந்த மருத்துவருக்கும், தரவுகளைக் காக்கும் கணினியருக்கும், ஆவணங்களின் மறைவை அறிந்த ஆய்வாளருக்கும் எவ்வளவில் பொருந்தும் என்பது தனித்து ஆராயத்தக்கது.